பூச்சி தின்ற பன்னிரண்டு வளைவுகள்

வட்டம் படுக்க மறுத்தது. காஞ்சனா அதை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் ஓரம் மெல்ல எழுந்து கிண்ணமாக நின்றது. திருப்பிப் போட்டாள். இப்போது கவிழ்த்த கிண்ணம். எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே அறுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் அளவு. வெள்ளை நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்ட பூ. இது பதினோராவது. முந்தின பத்தும் பக்கத்தில் எவர்சில்வர் தட்டில், யாரோ சட்னி ஊற்றுவார்கள் என்று காத்திருப்பதுபோல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன.

எண்ணிக்கை தப்பவில்லை. மூன்று முறை சரிபார்த்துவிட்டாள். நூலை மாற்றிப் பார்த்தாள். கையைத் தளர்த்திப் பார்த்தாள். முடிச்சுகளுக்கு நடுவே உள்நூல் பல்லிடுக்கு மாதிரி தெரிந்ததுதான் மிச்சம். ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தாள். சூடு இருக்கும்வரை படுத்திருந்து, ஆறியதும் எழுந்துகொண்டது.

வெளியிலிருந்து ஓர் ஈ வந்து பதினோராவது பூவின் நடுவில் உட்கார்ந்து, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. காஞ்சனா துண்டை வீசி விரட்டினாள். கங்காதர நெல்லூரில் மே மாதக் கடைசி என்றால் ஈ மாதம். சித்தூர் ரோட்டில் இருக்கிற ஜூஸ் ஃபேக்டரிகள் மாங்காயைப் பிழிந்து கூழை டின்னில் அடைத்துவிட்டு, தோலையும் கொட்டையையும் லாரி லாரியாகப் பள்ளத்தில் கொட்டும். இரண்டே நாளில் அது பொங்கிப் புளித்து, நுரை தள்ளி, சாராயமும் வாந்தியும் சேர்ந்த ஒரு நாற்றத்தை ஊர்மேல் விடும். ஐந்து சீசன் காஞ்சனா அந்த ஃபேக்டரியில் தோல் சீவும் வரிசையில் நின்றிருக்கிறாள். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு விரலிடுக்கு வெந்து உரியும். சோப்புப் போட்டாலும் புளித்தண்ணியில் கழுவினாலும் நாற்றம் நகக்கண்ணை விட்டுப் போகாது. அந்தக் கையால் சோறு பிசையும்போதெல்லாம் குமட்டும். போன வருஷம் வரிசையில் நின்றபடியே ஒருநாள் வாந்தி எடுத்தாள். மேஸ்திரி வேங்கடாசலம் வந்து பார்த்துவிட்டு, அதன்மேல் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, "உம், உம், கை ஓடட்டும்" என்றான்.

இந்த வருஷம் போகாமல் இருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி இந்த வட்டம்தான். அது தட்டையாகப் படுத்தால் திருப்பதியில் நளினி என்பவள் நடத்தும் பொட்டீக் துணிக்கடையில் மாதச் சம்பள வேலை. படுக்காவிட்டால் திங்கள்கிழமை காலை ஃபேக்டரி வேன்.

டாட்டிங் என்கிற இந்த லேஸுக்கு ஊசியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். கட்டைவிரல் நீளத்தில் படகு மாதிரி ஒரு ஷட்டில், அதில் சுற்றிய நூல், இடது கை விரல்கள், அவ்வளவுதான் சாமான். விரல்களைச் சுற்றி ஒரு நூலை வட்டமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஷட்டில் அதன் அடியில் புகுந்து மேலே வந்தால் அரை முடிச்சு. மேலே புகுந்து அடியில் வந்தால் மறு அரை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முடிச்சைப் போடுவது ஷட்டில் நூல்தான், ஆனால் முடிச்சாக நிற்க வேண்டியது விரலில் இருக்கிற நூல். ஷட்டில் நூலை விறைப்பாக இழுத்து, அதே நொடியில் விரலைத் தளர்த்தினால், முடிச்சு ஒரு நூலிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும். அப்படித் தாவினால்தான் ஷட்டில் நூல் முடிச்சுகளுக்குள்ளே பாவாடை நாடா மாதிரி நேராக ஓடும். இழுத்தால் வளையம் சுருக்கென்று மூடும். தாவாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் மூடாது.

காஞ்சனா இதைப் போனில்தான் கற்றாள். ஏதோ ஒரு குளிர்தேசத்துப் பெண். முகம் தெரியாது, வாய் பேசாது, இரண்டு கை மட்டும் வரும். அந்தத் தாவல் கைவருவதற்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. வந்த அன்று சமையலை மறந்து நாற்பது வளையம் போட்டாள்.

நளினி வேலை தருவதாகச் சொன்னபோது ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். "நெட்ல இருக்கற டிசைன் வேணாம். அது எல்லார் போன்லயும் இருக்கு. ஒரு கல்யாண ப்ளவுஸ், முதுகுப் பக்கம் முழுக்க டாட்டிங். யாரும் பாக்காத பழைய பாட்டர்ன் ஒண்ணு தேடிப் பிடி. ஒம்பது பூ வேணும்."

அப்படித்தான் காஞ்சனா சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரபாகரின் பழைய பேப்பர் கடைக்குப் போனாள். எப்போதோ மூடிப்போன ஒரு தையல் பள்ளியின் பீரோவைக் காலி செய்தபோது வந்த மூட்டை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். பிரபாகர் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டுதான் அந்த மூட்டையை அவிழ்த்தான்.

"ஜாக்ரத்த அக்கா. எலி இதுல குடும்பமே நடத்திகினு இருந்துச்சு. புள்ளப்பேறு, சாவு எல்லாம் உள்ளயே."

அவன் சொன்னது மிகையில்லை. நறுக்கிய காகிதத்தில் கூடு, கூட்டில் புழுக்கை, எலி மூத்திரம் காய்ந்து மஞ்சளாக ஒட்டிய தாள்கள். காஞ்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினாள். அடியில் கறுப்பு அட்டை போட்ட ஆல்பம் ஒன்று இருந்தது. தடித்த பழுப்புத் தாள்கள். தாளுக்கு ஒரு லேஸ் துண்டு, நடுவில் மட்டும் தைத்து வைத்திருந்தது. கீழே ஊதா மையில், உருண்டை உருண்டையான தெலுங்கு எழுத்தில் செய்முறை. ஓரத்தில் டீச்சர் சிவப்பு மையில் போட்ட மார்க். முதல் பக்கத்தில் சந்திரம்மா என்று பெயரும், 1936 என்று வருஷமும். ஐந்தாம் பக்கத்தைப் புரட்டியபோது ஒரு பல்லி இருந்தது. எந்தக் காலத்திலோ புத்தகம் மூடும்போது உள்ளே மாட்டி, தட்டையாக நசுங்கி, ஒவ்வொரு விரலும் விரிந்து, அதுவும் ஒரு லேஸ் மாதிரி தாளோடு தாளாக ஒட்டிக் கிடந்தது.

"ஐயே!" என்று ஆல்பத்தைக் கீழே போட்டாள்.

"பல்லிக்கி தனியா காசு இல்லக்கா, ஃப்ரீ" என்றான் பிரபாகர்.

ஆனால் பல்லிக்கு அடுத்த பக்கத்தில் அந்தப் பூ இருந்தது. நடுவில் பன்னிரண்டு காது வைத்த ஒரு வளையம். காது என்பது, இரண்டு முடிச்சுக்கு நடுவே நூலைக் கொஞ்சம் தளரவிட்டால் நிற்கும் சின்னச் சுருக்கு. ஒரு வளையத்தை இன்னொன்றோடு சேர்ப்பது அதன் வழியாகத்தான். பன்னிரண்டு காதிலும் தலையை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு சின்ன வளையங்கள். ஒரு சின்ன வளையத்திலிருந்து அடுத்ததற்குப் போக வெளியோரமாக ஒரு வளைவு. இன்றைக்குப் போடுகிறவர்கள் வளையங்களை வெளியே நீட்டி விடுவார்கள். இதில் எல்லா வளையமும் உள்ளே பார்த்து நின்றன. அது அவளுக்குப் புதிது. தூசும் அழுக்கும் படிந்து, பூச்சி அரித்து, வாடிய வெற்றிலை நிறத்தில் இருந்தும், அது அழகாக இருந்தது. அதை ரசித்ததில் அவளுக்கே ஒரு கூச்சம் வந்தது. குப்பைத் தொட்டியில் கிடந்த லட்டைப் பார்த்து எச்சில் ஊறினதுபோல.

பூவின் வெளியோரத்தில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். கரப்பான் எச்சம் என்று நினைத்து, அந்தப் பக்கத்தை அதன்பிறகு அவள் விரலால் தொடவேயில்லை. விளக்குமாற்றுக் குச்சியால் புரட்டி, போனில் படம் எடுத்து நளினிக்கு அனுப்பினாள். நளினி அதைக் கல்யாண வீட்டுக்கு அனுப்பினாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஊதா மையில் வளைவுக்கு எழுதியிருந்த கணக்கு: ஐந்து முடிச்சு, ஒரு காது, ஐந்து முடிச்சு. அறுபடாமல் மிஞ்சியிருந்த வளைவுகளில் எண்ணிப் பார்த்தாள்; அதேதான். அதன்படி போட்டதுதான் இந்தப் பதினொரு கிண்ணங்களும்.

சனிக்கிழமை அவள் பதினோராவதைத் தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, ஆல்பத்தைப் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு, திருப்பதி பஸ் ஏறினாள்.

நளினியின் கடை ஏர் பைபாஸ் ரோட்டில். முன்பக்கம் கண்ணாடி, ஏசி, மல்லிகை செண்ட். பின்பக்கம் வேலை அறை. அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட்டில் கறுப்பாக எதுவோ இருந்தது. அதற்குள் புது லேஸ் சுருள்கள் ஊறிக்கொண்டிருந்தன. மேலே ஆடை படிந்து, ஆடையில் ஒரு செத்த ஈ.

"அது டீத்தண்ணிம்மா. நேத்துப் போட்ட டிகாஷன்" என்றாள் நளினி. "அரை மணி ஊறுனா அம்பது வருஷம் பழசாயிடும். விண்டேஜ்னு சொன்னா வெள்ளையா இருந்தா எவ நம்புவா?"

காஞ்சனா பக்கெட்டை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். நூல் கறைபடக்கூடாதென்று அவள் ஒவ்வொரு முறையும் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஷட்டிலைத் தொடுவாள்.

நளினி தீப்பெட்டியைத் திறந்து பூவை விரல் நுனியில் தூக்கினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் முந்திக்கொண்டு வரும்.

"இதேமிட்டி காஞ்சனா? பொண்ணு முதுகுல ஒம்பது சட்னிக் கிண்ணம் ஒட்டணுமா? இட்லி நாம குடுக்கறதா, இல்ல மாப்ள வூட்லயே கொண்டாந்துடுவாங்களா?"

"துணியில வச்சுத் தச்சா அடங்கிடும் மேடம்."

"அடங்காது. துணியையும் சேத்து இழுத்துக்கும். கஞ்சி, பசை எதையாவது போட்டு விறைப்பா நிக்கவச்சுக் கொண்டுவந்துடாத. கல்யாணத்தன்னிக்கி வேர்வையில ஊறி, முதுகுல கொழகொழன்னு... சீ, நெனைக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"அப்ப கணக்க கொஞ்சம் மாத்திப் பாக்கட்டுமா?"

"ஒத்து, ஒத்து, வேணாம், மாத்தவே கூடாது. எனக்கு பழசு பழசாவே வேணும். படத்தைக் காட்டித்தான ஆர்டர் வாங்கிருக்கேன்." நளினி ஆல்பத்தைப் பையிலிருந்து எடுக்கவிடாமல், போனில் இருந்த படத்தையே காட்டினாள். "அந்தம்மா போட்டது எப்படிப் படுத்திருக்கு பாரு. மார்க் கூடப் போட்டிருக்காங்க. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா? உன் கை இறுக்கம்மா, அந்தே, அவ்ளோதான். திங்கக்கிழமை தட்டையா ஒண்ணு கொண்டா. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் காஞ்சனாவுக்குச் சந்திரம்மாவின் மேல்தான் எரிச்சல். அவள் போட்ட அதே முடிச்சு, அதே எண்ணிக்கை. அவளுடையது படுக்கிறது, இவளுடையது எழுந்து உட்காருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பன்னிரண்டாவது பூவில் ஆறாவது வளைவு போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது; அடுத்து அவள் கணவன் கோபிகிருஷ்ணனின் கூச்சல். அவன் மாங்காய் டிராக்டர் ஓட்டுகிறவன். கழுத்தில் மாங்காய்ப் பால் பட்டு வெந்த இடத்தில் பீட்டாடின் மருந்தைத் தடவிக்கொண்டு, அரக்கு நிறத் திட்டுகளோடு வெளியே வந்தான். கையில் ஒரு வெள்ளை வேட்டி. வேட்டிக்கு நடுவே அவன் முகம் தெரிந்தது.

"இன்னாமே இது? போன வருசம் கங்கம்மா ஜாத்திரைக்கி கட்டி, தொவச்சி மடிச்சி வச்ச வேட்டி. சல்லட மாதிரி கீது பாரு. இத்த கட்டிகினு கல்யாணத்துக்குப் போனா பந்தியில ஒக்கார வைப்பானா, இல்ல மாவு சலிக்கக் கூப்புடுவானா?"

"பொட்டியில பூச்சி கீதுன்னு எத்தினி தபா சொன்னேன்."

"பூச்சின்னா எல்லாத்தயும்தான துன்னணும்? கீழயே என் லுங்கி கீது. அத மோந்துகூடப் பாக்கல. லுங்கின்னா அதுக்கும் எளப்பமா?"

வேட்டியை அவன் உதறியதும் மடிப்பிலிருந்து மூன்று வெள்ளிப்பூச்சிகள் விழுந்தன. அரிசி நீளம், மீன் செதில் மினுக்கு, பின்னால் மூன்று மயிர். எலும்பே இல்லாததுபோல நெளிந்து ஓடி, ஒன்று காஞ்சனாவின் கால் விரலிடுக்கில் புகப் பார்த்தது. அவள் துள்ளி எழுந்து செருப்பால் அடித்தாள். அடிபட்டதும் பூச்சி சாம்பல் பொடியாகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டது.

"லுங்கிக்கி நான் கஞ்சி போட்டனா?" என்று கத்தினாள். "வேட்டிக்கிதான போட்டேன். கஞ்சி போட்டத்ததான் துன்னும். அது சோத்தத் தேடிகினு வருது, துணியத் தேடிகினு இல்ல..."

செருப்பு கையிலேயே இருந்தது.

"இன்னா, பேய் கீய் புடிச்சிச்சா?" என்றான் அவன்.

அவள் பாலித்தீன் பையை அவிழ்த்து, ஆல்பத்தை வெயிலில் வைத்து, விளக்குமாற்றுக் குச்சியால் பல்லிக்கு அடுத்த பக்கத்தைத் திறந்தாள். இதுவரை அந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் பூச்சி அரித்த இடத்தை விட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் பார்த்திருந்தாள். அருவருப்பாக இருப்பதைக் கண் தானாகவே தாண்டிப் போய்விடும். இப்போது அரித்த இடத்தை மட்டும் பார்த்தாள்.

நடு வளையம் முழுசாக இருந்தது. பன்னிரண்டு சின்ன வளையங்களிலும் ஒரு கடி இல்லை. வெளியோர வளைவுகள் பன்னிரண்டில் ஒன்பது அறுந்து தொங்கின. மீதி மூன்றிலும் மேலாகச் சுரண்டல். ஒரே நூல், ஒரே கை, ஒரே நாளில் போட்டது. வளையத்தை விட்டுவிட்டு வளைவை மட்டும் தேடித் தின்ன ஒரு பூச்சிக்கு என்ன காரணம் இருக்க முடியும்? வளைவில் மட்டும் அதற்குச் சோறு இருந்திருக்க வேண்டும்.

நினைத்தால் போதாது, பார்த்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் உருளைக்கிழங்கில் அயோடின் விட்டுக் காட்டியது அவளுக்கு நினைவிருந்தது. மாவுப்பொருள் இருந்தால் கருநீலமாகும். இல்லாவிட்டால் வெறும் பழுப்பு. அவன் கழுத்துக்குப் போடுகிற பீட்டாடினிலும் அயோடின்தான். மூடியில் நாலு சொட்டு ஊற்றித் தண்ணீர் கலந்தாள். முதலில் காலைச் சோற்றில் ஒரு பருக்கையின்மேல் ஒரு சொட்டு. பருக்கை கறுத்து நீலமாயிற்று. அடுத்து தன் நூலில் ஒரு துண்டு. பழுப்பு, அவ்வளவுதான். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஆல்பத்தில் அறுந்து தொங்கிய வளைவிலிருந்து ஒரு பிசிரைக் குச்சியால் கிள்ளி எடுத்தாள். பூச்சியின் எச்சில் பட்ட பிசிர் அது. அதற்கு ஒரு சொட்டு. சின்ன வளையத்தின் வாலில் நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனிக்கு ஒரு சொட்டு.

வளையத்தின் நுனி பழுப்பாகவே இருந்தது. வளைவின் பிசிர், மசியில் முக்கியதுபோலக் கறுத்தது.

"புண்ணுக்கு வாங்குன மருந்த நூலுக்கு வுட்டுகினு கீறியே" என்று கோபிகிருஷ்ணன் குனிந்து பார்த்தான். "அதுக்கு இன்னா நோவு?"

"பொய்ன்ற நோவு. இந்தப் பொம்பள என்ன ஏமாத்திட்டாயா. பதினோரு பூவு!"

பழுப்புப் புள்ளிகளையும் இப்போது குனிந்து பார்த்தாள். கரப்பான் எச்சம் வட்டமாக, வளைவுக்கு ஒன்றாக, அதுவும் சரியாக உச்சியில் விழாது. அது துரு. குண்டூசித் துரு. நடந்தது முழுக்க அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்திரம்மாவின் பூவும் கிண்ணமாகத்தான் வந்திருக்கிறது. பரீட்சைக்கு வைக்க வேண்டும். மறுபடி போட நேரமில்லையோ, மனமில்லையோ. பலகையில் வைத்து, வளைவு ஒவ்வொன்றையும் இழுத்து உச்சியில் குண்டூசி குத்தி, வடித்த கஞ்சியைக் கெட்டியாக அந்த வளைவுகளில் மட்டும் தடவிக் காயவைத்திருக்கிறாள். காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நின்றிருக்கும். டீச்சர் சிவப்பு மையில் மார்க் போட்டுவிட்டாள். தப்பான கணக்கு ஊதா மையில் ஆல்பத்தில் ஏறிவிட்டது. பிறகு பூச்சி வந்து தடவினதை எல்லாம் தின்றது.

"தூ" என்றாள் காஞ்சனா. பூச்சியையா, சந்திரம்மாவையா என்று அவளுக்கே தெரியவில்லை. தொண்ணூறு வருஷத்துக் கஞ்சி, எலி மூத்திரம், பல்லி. இதற்கு நடுவில் உட்கார்ந்து, தன் கைதான் இறுக்கம் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாளே, அதை நினைத்தால்தான் எல்லாவற்றையும்விடக் குமட்டியது.

ஆனால் பூச்சி ஒரு காரியம் செய்து வைத்திருந்தது. ஒன்பது வளைவு அறுந்துபோனதால், கஞ்சியின் பிடிப்பும் இல்லாமல், பூ இப்போது தானாகவே தட்டையாகக் கிடந்தது. அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். தன் பதினோராவது கிண்ணத்தைப் பலகையில் வைத்து, பூச்சி செய்ததையே செய்தாள்: வளைவு ஒவ்வொன்றையும் நடுக்காது இருக்கிற இடத்தில் உள்நூலோடு சேர்த்து வெட்டினாள்.

முதல் நாலு வெட்டில் ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதில் ஓரம் தளர்ந்தது. பன்னிரண்டாவதில் கிண்ணம் ஓசையில்லாமல் பலகையில் படுத்துக்கொண்டது.

மொட்டை மாடியில் வடாம் காயும்போது நடக்கிற அதே சங்கதிதான். ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும். நடு அகலமாகவே இருக்கும். குட்டையான ஓரத்துக்குள் அவ்வளவு பெரிய நடு அடங்காது. அதனால் ஓரம் தூக்கிக்கொண்டு கிண்ணமாகும். நடுவிலிருந்து தூரம் போகப் போக, சுற்றிவர ஆகும் நீளமும் கூடிக்கொண்டே போகும். தூரம் ஒரு விரல் கூடினால் சுற்று ஆறு விரலுக்கு மேலே கூட வேண்டும். சந்திரம்மா அந்த நீளத்தைக் கொடுக்கவில்லை. கை இறுக்கமும் இல்லை, நூல் குற்றமும் இல்லை, வெளியோரம் குட்டை.

எவ்வளவு குட்டை என்பதையும் வெட்டே காட்டியது. படுத்த பூவில், வெட்டிய இரண்டு நுனிகளுக்கும் நடுவே இடைவெளி திறந்திருந்தது. காஞ்சனா தன் நூலில் நாலு முடிச்சு போட்டு அதில் வைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. மற்ற பதினொன்றிலும் வைத்துப் பார்த்தாள். மயிரிழை முன்னே பின்னே இருந்தாலும் எல்லாவற்றிலும் அதே நாலு.

கையைக் கழுவினாள், முழங்கைவரை, இரண்டு முறை. பிறகு புது நூலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. வேங்கடாசலம் ஜன்னலில் தலையை நீட்டினான். வேனுக்குள்ளிருந்து புளித்த வாடை அவனுக்கு முன்னால் வந்தது.

"ஏறு காஞ்சனா. இன்னா, பட்டுச்சேல கட்டிகினு கீற? தோலு சீவ வர்றியா, பொண்ணு பாக்க வர்றியா?"

"நான் வர்லண்ணா."

"யோசிச்சிக்க. ஒன் எடத்துல இன்னிக்கே வேற ஆள் நிக்கும். நாளைக்கி வந்து கெஞ்சாத."

"நிக்க வைண்ணா" என்றாள். வேன் போன பிறகும் அந்த வாடை தெருவில் கொஞ்சநேரம் நின்றது. திருப்பதியில் நளினி இல்லையென்று சொல்லிவிட்டால் இனி இந்த வேனும் கிடையாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தீப்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனாள்.

நளினி பூவைக் கண்ணாடி மேசையில் வைத்து மேலே குனிந்தாள். அது படுத்திருந்தது. உடனே அவள் முகத்தில் சந்தேகம் வந்தது. "கஞ்சி போட்டியா?"

காஞ்சனா குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரில் பூவைப் போட்டாள், கசக்கினாள், பிழிந்தாள். ஈரம் சொட்டச் சொட்டக் கண்ணாடியில் போட்டு ஃபேனைத் தட்டிவிட்டாள். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பூ காய்ந்தது. ஓரம் எழவில்லை.

"எப்படி?" என்றாள் நளினி. "அன்னிக்கி கிண்ணமா இருந்துச்சே. கணக்க மாத்துனியா? மாத்தாதன்னு சொன்னேனே."

"பழைய கணக்கு தப்பு மேடம். அந்தம்மா கஞ்சியத் தடவித்தான் நிக்க வச்சிருந்தாங்க. நீங்களே பாருங்க."

அவள் ஆல்பத்தைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தைக் கண்ணாடியின்மேல் விரித்தாள். நளினி முதன்முறையாக அதைக் கிட்டத்தில் பார்த்தாள். தாளின் மடிப்பிலிருந்து ஒரு வெள்ளிப்பூச்சி நெளிந்து வந்து, அவள் மணிக்கட்டின்மேல் ஏறியது.

"அம்மோ! தீசேய், தீசேய், எடு அத!" நளினி கையை உதறிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். பக்கத்துப் பக்கத்தில் பல்லி வேறு. "இத்தயா என் டேபிள்ல வச்ச? மூடு காஞ்சனா, கடவுளே, மூடு!"

"இதுல அது துன்னது எங்கன்னு மட்டும் பாத்துக்கங்க, மூடிடறேன்" என்று காஞ்சனா குச்சியால் வளைவுகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள், துருவைக் காட்டினாள், தீப்பெட்டிக்குள் வைத்திருந்த கறுத்த பிசிரையும் பழுப்பு நூலையும் காட்டினாள். நளினி மூக்கைப் பிடித்தபடி தூரத்திலிருந்தே கேட்டாள். கேட்கக் கேட்க மூக்கிலிருந்து கை இறங்கியது. கடைசியில் போனை எடுத்துக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, மேசையில் இருந்த பூவோடு ஒத்துப் பார்த்தாள்.

"அறுந்த எடத்த விட்டா, கண்ணுக்கு வித்தியாசமே தெரியல."

"தெரியாது மேடம். தொட்டாத்தான் தெரியும்."

நளினி பூவை எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். கையின் மேட்டோடு அது ஒட்டிப் படிந்தது. "சரே. நாளையிலேர்ந்து வந்துடு. மிச்சம் எட்டையும் போடு. பாட்டர்ன் எழுதி வைக்கற வேலை உன்னோடது. இனிமே பழசு எது வந்தாலும் நீ ஒண்ணு போட்டு, தண்ணியில முக்கி எடுத்தப்புறம்தான் மத்தவங்க தொடணும்."

"ஒண்ணு கேக்கணும் மேடம். நான் போட்டது அந்த டீ பக்கெட்டுல போகக்கூடாது."

நளினி பின்னறைப் பக்கம் பார்த்தாள். ஈ இன்னும் அங்கேதான் மிதந்தது. இன்றைக்கு அதற்குத் துணையாக இன்னொன்று. மணிக்கட்டை ஒரு தடவை தேய்த்துக்கொண்டாள்.

"போகாது. வெள்ளையாவே இருக்கட்டும். முதல்ல நீ டேபிள்ல கிடக்கற அந்தப் பிணத்தை வெளிய கொண்டுபோய் வை. புது நோட்டு தர்றேன், அதுல எழுது."

காஞ்சனா ஆல்பத்தைப் பாலித்தீனில் சுற்றி, மூன்று முடிச்சு போட்டு, வாசலுக்கு வெளியே வைத்தாள். பின்கட்டுக் குழாயில் கையைக் கழுவி, நகக்கண்ணை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. புது நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து எழுதினாள்:

நடு வளையம்: பன்னிரண்டு காது. ஒவ்வொரு காதிலும் சேர்த்து ஒரு சின்ன வளையம், பழைய கணக்கேதான், அது சரி. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே வெளியோர வளைவு: பழைய புத்தகத்தில் ஐந்து முடிச்சு, ஒரு காது, ஐந்து முடிச்சு, அப்படிப் போட்டால் கிண்ணமாகும். ஏழு முடிச்சு, ஒரு காது, ஏழு முடிச்சு போடவும். பன்னிரண்டு வளைவும் இப்படியே. தட்டையாகப் படுக்கும். கஞ்சி வேண்டாம்.